நடுக்கமா, ரெட்டையா

"நடுக்கம்."

அந்தக்கா வாய்லேர்ந்து நான் கேட்ட மொத வார்த்தையே அதான். என் கை நடுங்குறதத்தான் சொல்லுதுன்னு நெனச்சிகினு, "காலைலேர்ந்து நாஸ்டா துன்னலக்கா, அதான்"ன்னேன். அது கண்ணுலேர்ந்து லென்ஸக் கயட்டிட்டு என்ன ஏற எறங்கப் பாத்துச்சு.

"உன்ன யாருடா சொன்னா? உன் காச சொன்னேன்."

பல்லாவரம் வெள்ளிக்கிழம சந்தைல எனக்குப் பக்கத்து தார்ப்பாய் அது. நான் பழைய ரிமோட்டு, சார்ஜரு, மூடி இல்லாத மிக்சி ஜாரு, ஜாரு இல்லாத மூடி எல்லாம் பரப்பிகினு குந்தியிருப்பேன். ஒரு வூட்டுல டிவி செத்துட்டா ரிமோட்டு என்கிட்ட வரும். ரிமோட்டு செத்துட்டாலும் என்கிட்டதான் வரும். ரெண்டையும் ஒரே வெலைக்கு விப்பேன், நான் ஆளுக்கு ஆளு பாகுபாடு பாக்குறவன் இல்ல. படிப்பு நாலாங்கிளாஸ். அதுல ரெண்டு வருசம் இருந்தேன். டீச்சரு மாத்தலாயிப் போயிட்டாங்க, நான் அதே பெஞ்சுல இருந்தேன்.

அந்தக்கா விக்கிறது பழைய காசு. ஓட்டக் காசு, பத்து பைசா, இருவத்தஞ்சு பைசா, யாரோ துபாய்லேர்ந்து கொண்டாந்து இங்க செல்லாமப் போன சில்லற. அது அதோட பொழப்பு. ஆனா ஜனங்க அதுகிட்ட வர்றது வாங்குறதுக்கு இல்ல, காட்டுறதுக்கு.

போனத் தொறந்தா எவனாச்சும் ஒருத்தன் கோட்டு மாட்டிகினு கத்தறான் இல்ல? "உங்க வூட்டுல இந்த ரெண்டு ரூபா இருக்கா? வருசம் ரெட்டையாத் தெரியுதா? நீங்கதான் லட்சாதிபதி"ன்னு. அத்தப் பாத்துட்டு தாம்பரம், குரோம்பேட்ட, பெரும்பாக்கம்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் வருவாங்க. கைக்குட்டைல முடிஞ்சிகினு, பஞ்சுல சுத்திகினு, ஒரு அம்மா மஞ்சத்தூள் டப்பால போட்டே கொண்டாந்துச்சு. அந்தக்கா வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல சொருவிக்கிற லென்ஸ சொருவும். மூணு மூச்சு. "நடுக்கம்." முடிஞ்சிது. அடுத்த ஆளு.

நானும் அப்டி ஒருத்தனாத்தான் காட்டுனேன். என் ரிமோட்டு டப்பாலேர்ந்து ஒரு ரெண்டு ரூபா கெடச்சிது, இந்தியா மேப் போட்ட பழசு. வருசத்துல ஒரு ஒன்பதுக்குப் பக்கத்துல இன்னொரு ஒன்பது ஒட்டிகினு நின்னுச்சு. ஒரு வாரம் அத்த சட்டப்பையில வெச்சிகினு சுத்துனேன். வூட்டுல கொரல ஏத்திப் பேசுனேன். மேடவாக்கத்துல ஒரு ஃப்ளாட் புரோக்கருகிட்ட, "கார் பார்க்கிங்குக்கு மேல கூர இருக்குமா?"ன்னு கேட்டேன். என்கிட்ட சைக்கிளே கெடையாது.

"நல்லா பாருக்கா"ன்னேன்.

"நல்லா பாத்தா, நல்லா நடுக்கம்."

அப்டின்னா இன்னான்னு எனக்குப் புரியல. சண்டைக்குப் போனேன். அன்னிக்கு மழ பேஞ்சு சந்த மொத்தமும் சேறு. "செருப்பக் கயட்டு"ன்னுச்சு. அடிக்கத்தான் போவுதுன்னு ரெண்டடி பின்னால போனேன். அது செருப்ப வாங்கி, சேத்துல ஒரு அமுக்கு அமுக்கிச்சு. எடுக்கும்போது கைய லேசா ஆட்டிச்சு.

"பாரு. ஓரத்துல படி மாதிரி ஒரு இழுப்பு விழுந்துச்சா? இதான் நடுக்கம். காசு அடிக்கிற மிஷின்ல அச்சு லூசா இருந்தா, அடிச்சிட்டு எந்திரிக்கும்போது ஒரு குதி குதிக்கும். எழுத்துமேல தேச்சிட்டுப் போவும். ரெட்டையாத் தெரியும், ஆனா தட்டையா இருக்கும். உள்ள எழுத்து மெலிஞ்சி போயிருக்கும். அது ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"அப்ப ரெட்டைன்னா?"

"ரெட்டைன்னா அச்சு செய்யும்போதே அதுல ரெண்டு தபா எழுத்து விழுந்துடும். உன் செருப்பு அடிப்பக்கமே ரெட்டையா செஞ்சிட்டான்னு வெச்சிக்க. எழுத்து மெலியாது, குண்டாவும். எழுத்தோட மூல மீன் வாலு மாதிரி பிரியும். அப்பால அந்த அச்சுல அடிச்ச அத்தினி காசும் அதே மாதிரிதான் பொறக்கும். ரெட்டைக்குக் கூடப்பொறந்தது எங்கனா இருக்கும்டா. நடுக்கம்தான் அநாத."

ஆட்டுன அந்தக் கையில ஆள்காட்டி வெரலு பாதிதான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பவர் பிரஸ் கம்பெனில வாஷர் அடிக்கப் போயிருக்கு. அந்த மிஷினு ஒருநாளு நடுங்குனப்போ அச்சு மட்டும் குதிக்கல. "அன்னிக்கு சூப்பர்வைசரு வந்து, மொதல்ல வாஷரு வீணாச்சான்னு பாத்தான்"னு ஒருதபா சொல்லுச்சு. சொல்லிட்டு வெத்தல மென்னுச்சு. அதுக்கு மேல கேக்க எனக்குத் தகிரியம் இல்ல.

அந்த ஒரு வார்த்தைய அது காசுக்கு மட்டும் வெச்சிக்கல. கோயில் மைக்கு எக்கோ அடிச்சா நடுக்கம். வார்டுல ஓட்டுக் கேட்டு வந்தவன் சிரிச்சா நடுக்கம். நான் குடிய வுட்டுட்டேன்னு தலைல கை வெச்சு சத்தியம் பண்ணேன். "யாரு தலைல?"ன்னுச்சு. "என் தலைலதான்." "அப்ப நடுக்கம்." சாயங்காலமே அது சொன்னது சரின்னு ஆயிடுச்சு. ஒருநாளு ஒரே கவுனு போட்ட ரெட்டப் புள்ளைங்க ரெண்டு எங்க முன்னாடி நடந்து போச்சுங்க. அந்தக்கா வாய் கோணி சிரிச்சுது. "தோ, இது ரெட்ட"ன்னுச்சு. அது சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

இரக்கம்னு ஒண்ணு அதுகிட்ட இருந்துச்சான்னு எனக்கு இன்னிவரைக்கும் சந்தேகம். தாம்பரம் ஸ்டேசன் வாசல்ல எளநி விக்கிற ஒரு ஆளு வந்தாரு. அவரு பொண்ணுக்குக் காட்டாங்குளத்தூர் பக்கம் காலேஜ்ல சீட்டு கெடச்சிருந்துச்சு, கட்டறதுக்கு வழியில்ல. காச நீட்டும்போது உதடு முணுமுணுன்னுது, சாமி பேருதான். மூணு மூச்சு. "நடுக்கம்." அந்தாளு அப்டியே பின்னால குந்திட்டாரு. குந்துனது என் ரிமோட்டுங்க மேல. ஏதோ ஒண்ணு அமுங்கி, டீக்கட டிவில சேனலு மாறிச்சு. சிரிப்பு வர வேண்டிய எடம். எவனுக்கும் வரல.

அவரு போனப்பறம் நான் கேட்டேன். "ஏன்க்கா, கொஞ்சம் மெதுவா சொல்லக் கூடாதா?"

"மெதுவா சொன்னா ரெட்டையாயிடுமா?"

"அடுத்த வாரம் வாங்க, பாத்து சொல்றேன்னாச்சும் சொல்லேன். ஒரு வாரமாச்சும் சந்தோசமா இருந்திருப்பாரு."

"அந்த ஒரு வாரத்துல வட்டிக்கு வாங்குவாருடா."

மேல பிளேன் ஒண்ணு தாழப் போச்சு. அது போற வரைக்கும் இங்க எவனும் பேச மாட்டான், பேசுனாலும் கேக்காது. சத்தம் அடங்குனதும் நான் அமுங்கிப் போன ரிமோட்டுங்கள எடுத்து அடுக்குனேன்.

அந்தக்கா ஒரு சட்டம் வெச்சிருந்துச்சு. தான் பாத்த காச தான் வாங்காது. எதிர்ல ஒருத்தன் கடை போட்டிருந்தான். நாங்க அவன டப்பாக்காரன்னுதான் கூப்டுவோம், ஏன்னா எந்தக் காசா இருந்தாலும் ரவுண்டா ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு, கீழ வெல்வெட்டு வெச்சு விப்பான். உள்ள இருக்கிறது நடுக்கமாத்தான் இருக்கும். டப்பால போட்டதும் அது ரெட்டையாயிடும். அவன் மத்தவங்க காசப் பாத்தான்னா மூஞ்சச் சுளிச்சி, "இது வேஸ்ட்டு சார், வந்ததுக்கு ஒரு டீக்காசு தரேன்"ம்பான். அந்தத் தொழில்ல எல்லாரும் அப்டித்தான். வாங்கணும்னு ஆச வந்தா கொற சொல்லுவாங்க. அந்தக்கா மட்டும்தான் சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துடும். அதனாலதான் அது சொன்னா சந்தையே நம்பும்.

ஒருதபா நெசமாவே ரெட்ட வந்துச்சு. காட்டுனது பூ கட்டுற ஒரு அம்மா. அந்தக்கா "ரெட்ட"ன்னதும் டப்பாக்காரனும் இன்னும் நாலு பேரும் ஓடியாந்து அந்தம்மாவச் சுத்திகினு ஏலம் வுட்டானுங்க. அந்தக்கா திரும்பி உக்காந்து காசு தொடைக்க ஆரம்பிச்சிடுச்சு.

"யக்கா, நீ வேஸ்ட்டுன்னு சொல்லி நீயே அமுக்கியிருந்தா உன் வாழ்க்கையே மாறியிருக்குமே! நானா இருந்தா மேடவாக்கத்துல ஃப்ளாட்டு."

"பாத்த வாயால வெல பேசுனா, அப்பால நான் பாத்ததுக்கு இன்னாடா வெல?"

அதுக்கு ஒரே பொண்ணு. பெரும்பாக்கத்துல ஹவுசிங்போர்டு வூடு, அந்தக்காவுக்குக் குடுத்தது. கல்யாணத்தன்னிக்கே வூட்டப் பொண்ணுகிட்ட வுட்டுட்டு, அது குரோம்பேட்டைல ஒரு ரூம்பு எடுத்துகினு வந்துடுச்சு. மாப்ள காலேஜ் பஸ் ஓட்டுறவரு. கெட்டவர்னு சொல்ல முடியாது. என்ன மாதிரிதான். போன்ல எவன் எத்த சொன்னாலும் நம்பிடுவாரு. எனக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், என் பொண்டாட்டி கழுத்துல கெடக்குறது கவரிங்கு.

ஒரு வெள்ளிக்கிழம காலைல அந்தப் பொண்ணு தனியா வந்துச்சு. அம்மா பின்னால முட்டியக் கட்டிகினு குந்துச்சு. என் உடம்புல ஒழுங்கா வேல செய்ற ஒரே பார்ட்டு காதுதான், அதனால எல்லாம் கேட்டுச்சு.

"மா, அவரு மத்தியானம் வருவாரு. ஒரு காயின் எடுத்துனு வருவாரு."

"எந்தக் காயின்?"

"என் செயின அடகு வெச்சு வாங்குனது."

அந்தக்கா கையில தொடச்சிகினு இருந்த காச கீழ வெச்சிது. "எவன்கிட்ட?"

பொண்ணு தாடையால எதிர்க்கடையக் காட்டுச்சு. டப்பாக்காரன் அப்பத்தான் வெல்வெட்டு விரிச்சிகினு இருந்தான்.

"அவன்கிட்டயா? என் எதிர்ல குந்தினு கீறானே, அவன்கிட்டயா?"

"மா, கத்தாத. நீ ரெட்டைன்னு சொல்லிடு."

"பாக்காமயா?"

"பாத்தாலும்."

பொண்ணு கிட்ட வந்து, கொரல எறக்கிச்சு. "அவங்கம்மா, அண்ணனுங்க எல்லாரும் செயின் எங்கன்னு புடிச்சிகினாங்க. இவரு, 'என் மாமியாரே பெரிய ஆளு, அவங்களே பாத்து சொல்லுவாங்க'ன்னு உதார் வுட்டு வெச்சிருக்காரு. நீ இப்ப நடுக்கம்னின்னா அவரு மூஞ்ச எங்க வெச்சிப்பாரு? நேத்தே சொல்லிட்டாரு. உங்கம்மா வாய்லேர்ந்து அந்த வார்த்த வந்துச்சுன்னா துணிய எடுத்துனு அங்கயே போயிடுன்னு."

"வந்துடேன். என் ரூம்புல உனக்கு எடமில்லியா?"

"எடம் கீது மா. எனக்குத்தான் அங்க வந்து குந்த ஆச இல்ல. உனக்கு இது ஒரு வார்த்த. எனக்கு வூடு."

எனக்கு மனசு கேக்கல. "யக்கா, ஒருதபா சொல்லிடேன். நான்லாம் ஒருநாளைக்கு நூறு பொய் சொல்றேன், செத்தா போயிட்டேன்?"

"வாய மூடுறா ரிமோட்டு"ன்னுச்சு. ஆனா அந்த அதட்டல்ல சுதி இல்ல.

மத்தியானம் மாப்ள வந்தாரு. மோதரம் வெக்கிற டப்பால காசு. "பாருங்க அத்த"ன்னு நீட்டுனாரு. கண்ணுல பளபளன்னு ஆச. அந்தக்கா லென்ஸ சொருவிச்சு. வழக்கமா மூணு மூச்சு. அன்னிக்கு ஒரு பிளேன் போச்சு. அப்பறம் இன்னொண்ணும் போச்சு. காசத் திருப்பித் திருப்பி வெயில்ல காட்டுச்சு. அதுல ஏதாச்சும் ஒரு மூலைல ஒரு மீன் வாலு இருந்துடாதான்னு அது தேடுறது எனக்கே தெரிஞ்சிது. பொண்ணு ரெண்டு கையாலயும் முந்தானையத் திருகிகினு நின்னுச்சு.

"ரெட்ட"ன்னுச்சு.

லூசான பல்செட்டு மாதிரி அந்த வார்த்த அது வாய்ல ஆடுச்சு. மாப்ளைக்கு அது தெரியல. "அத்த!"ன்னு அது ரெண்டு கையையும் புடிச்சிகினாரு. எதிர்ல டப்பாக்காரன் எந்திரிச்சே நின்னுட்டான். வித்தவனுக்குத் தெரியாதா வித்தது இன்னான்னு? அந்தக்காவயே வெச்ச கண்ணு வாங்காம பாத்தான், அப்பறம் மெதுவா சிரிச்சான். சாயங்காலத்துக்குள்ள ஒரு அட்டைல எழுதி மாட்டிட்டான், அக்கா ரெட்டைன்னு சொன்ன காயின் இந்தக் கடைல வாங்கியதுன்னு. கூட்டம் அள்ளுச்சு.

பொய்க்கு ஒரு பொண்ணு பொழச்சிது, அதோட முடிஞ்சிதுன்னுதான் நான் நெனச்சேன். மாப்ள அந்தக் காச வித்திருந்தா முடிஞ்சிருக்கும். விக்கப் போன எடத்துல எவனாச்சும் அது செல்லாதுன்னு சொல்லியிருப்பான், இவரும் நாலு கெட்ட வார்த்த பேசிட்டு அடங்கியிருப்பாரு. ஆனா அவரு விக்கவே இல்ல.

"இப்ப எவனாச்சும் விப்பானா அத்த? இன்னும் ஏறும்."

"ஏறாது மாப்ள, வித்துடுங்க."

"நீங்கதான சொல்லுவீங்க, ரெட்டைக்குக் கூடப்பொறந்தது இருக்கும்னு? இதுக்கு எத்தினி கூடப்பொறந்தது கீதோ அத்தினியும் நான் சேக்கப் போறேன். மொத்தமா சேத்தா செட்டு. செட்டுக்கு வெலையே வேற."

எங்கள ஏமாத்த வெளியாளு வேணாம், நாங்க சொன்னதே போதும். டப்பாக்காரன் வாரா வாரம் ஒரு கூடப்பொறந்ததக் கண்டுபுடிச்சுக் குடுத்தான். மாப்ள எடுத்துனு வந்து நீட்டுவாரு. அந்தக்கா லென்ஸ சொருவும். மொதல்ல ஒண்ண ரெட்டைன்னுட்டு, அதே மாதிரி இருக்கிற இன்னொண்ண எப்டி நடுக்கம்னு சொல்லும்? "ரெட்ட." "ரெட்ட." ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பொண்ணு காதுலேர்ந்து, கையிலேர்ந்து ஒவ்வொண்ணா கொறஞ்சிது. அப்பறம் ஒரு வெள்ளிக்கிழம காலைல மாப்ள சிரிச்சிகினே சொன்னாரு, பெரும்பாக்கத்து வூட்ட லீசுக்கு வுட ஆளு பாத்துட்டேன், அந்தப் பணத்துல மொத்த செட்டும் முடிஞ்சிடும், திங்கக்கிழம அட்வான்ஸ்னு.

எந்த வூடு போவக் கூடாதுன்னு அந்தக்கா பொய் சொல்லுச்சோ, அந்த வூடு.

அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் அது காத்துருக்கல. மாப்ள போனதும் எங்கயோ போயிட்டு வந்து, போன் போட்டு அன்னிக்கு சாயங்காலமே சந்தைக்கு வரச் சொல்லிடுச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்தாங்க. அந்தக்கா காதுல கம்மல் இல்ல, தொடப்பக்குச்சிய ஒடச்சி சொருவிகினு இருந்துச்சு. மடியில துணில முடிஞ்ச பணம்.

"மாப்ள, அந்த மொத காச எனக்குக் குடுத்துடுங்க. நீங்க குடுத்த வெலைய நான் குடுத்துடறேன். செயின மீட்டுக்குங்க. மத்ததயும் ஒவ்வொண்ணா வாங்கிக்கிறேன். வூட்ட மட்டும் லீசுக்கு வுடாதீங்க."

அது இன்னா சொல்லிச்சுன்னு அதுக்கே அப்பப் புரியல. எனக்குப் புரிஞ்சிது. சுத்தி இருந்தவனுங்களுக்கும் புரிஞ்சிது. பக்கத்துல பழைய செருப்பு விக்கிறவன் வாயத் தொறந்துகினு பாத்தான்.

மாப்ள காச கெட்டியாப் புடிச்சிகினாரு. "அத்த, நீங்க பாத்த காச நீங்க வாங்கவே மாட்டீங்களே?"

"இத்த வாங்கிக்கிறேன்."

"எத்தினி வருசமா இங்க குந்துறீங்க. பூக்கார அம்மா காசக் கூட வாங்கல. இத்த மட்டும் கேக்குறீங்கன்னா..." அவரு மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க, கொழந்த பொறந்த சேதி கேட்டவன் மாதிரி. "அப்ப இது எவ்ளோ பெருசு!"

அந்தக்காவுக்கு அப்பத்தான் உறைச்சிது. எந்திரிச்சு நின்னுச்சு. "ஐயோ மாப்ள, அது நடுக்கம். இவ கேட்டான்னு பொய் சொன்னேன். நீங்க வாங்குன அத்தினியும் நடுக்கம்."

எதிர்லேர்ந்து டப்பாக்காரன் கைதட்டிச் சிரிச்சான். "பாத்துக்கங்கய்யா! வெல கேட்டாங்க, படியல, இப்ப நடுக்கமாம்! நாங்கதான் இப்டின்னு நெனச்சேன், அக்காவும் நம்ம ஜாதிதான்!" கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. இத்தினி வருசம் அது வாய்ல நடுக்கம்னு கேட்டு வவுறு எரிஞ்சி போனவன் ஒவ்வொருத்தனும் அன்னிக்கு சிரிச்சான். எளநிக்காரரு அங்க இல்ல. இருந்திருந்தா அவரும்தான்.

மாப்ள மட்டும் சிரிக்கல. பொண்டாட்டி பக்கம் திரும்புனாரு. "நீ சொல்லு. நீ கேட்டுத்தான் உங்கம்மா பொய் சொன்னாங்களா?"

இப்ப எல்லாரும் அந்தப் பொண்ணப் பாத்தாங்க. ஆமான்னு ஒரு வார்த்த. வூடு தப்பிச்சிடும். ஆனா புருசன முட்டாளாக்குனவள்னு ஆயிடும், வூடு இருந்தாலும் அது அதுல இருக்காது. அது அம்மாவப் பாத்துச்சு. அப்பறம் கீழ என் சார்ஜருங்களப் பாத்துச்சு.

"அம்மாவுக்குக் கொஞ்ச நாளாவே கண்ணு தெரியலங்க. மொத காசப் பாத்த அன்னிக்குத் தெரிஞ்சுது, சரியாத்தான் சொன்னாங்க. இப்பதான் மங்கிடுச்சு. மாத்தி மாத்தி சொல்றாங்க."

நான் எந்திரிச்சேன், சாமி சத்தியமா எந்திரிச்சேன். "இன்னாம்மா பேசுற நீ?"ன்னேன். அந்தக்கா என்னப் பாக்காமயே கையக் காட்டி உக்காரச் சொல்லுச்சு. பொண்ணயே பாத்துகினு நின்னுச்சு. எந்தக் காசையும் அது அவ்ளோ நேரம் பாத்ததில்ல.

"ஆமா மாப்ள"ன்னுச்சு. "கண்ணு போச்சு."

வூடு லீசுக்குப் போச்சு. இப்ப அதுங்க வேங்கவாசல் தாண்டி சிமென்ட்டு ஷீட்டு போட்ட ஒரு ரூம்புல கீதுங்க. மாப்ள இன்னும் செட்டு சேத்துகினு கீறாரு. பொண்ணுக்கு இப்ப மாசம் ஆறு.

அந்தக்கா சந்தைக்கு வர்றத நிறுத்தல. காசக் காட்ட ஒருத்தனும் வர்றதில்ல. எப்பனா ஒருத்தரு, வெவரம் தெரியாதவங்க வருவாங்க. போன வெள்ளிக்கிழம ஒரு அம்மா, கையில காய்கறிப் பை, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறந்துகினு வந்துச்சு. "இத்தப் பாத்து சொல்லும்மா, எம் புள்ள அதிர்ஷ்டக் காசுங்குறான்." அந்தக்கா பழக்கத்துல கைய நீட்டிடுச்சு. காசு உள்ளங்கையில வுழுந்துச்சு. கண்ணுகிட்ட கூடக் கொண்டு போவல, பாதி வெரலால எழுத்து மேல ஒரு தடவு. அப்பறம் அந்தம்மா கையிலயே திருப்பி வெச்சிடுச்சு.

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா. வேற எங்கனா காட்டு."

அந்தம்மா நேரா எதிர்க்கடைக்குப் போச்சு. டப்பாக்காரன் லென்ஸ வெச்சுப் பாத்தான், மூஞ்சச் சுளிச்சான், ஒரு டீக்காசு எடுத்து நீட்டுனான்.

"இன்னாக்கா, நடுக்கமா?"ன்னேன்.

பிளேன் போச்சு. போயி முடிஞ்சிது.

"ரெட்ட."

துள்ளி எந்திரிச்சேன். அந்தக்கா என் லுங்கியப் புடிச்சி இழுத்துச்சு. "குந்துடா. இது ரெட்டைன்னு நான் சொன்னது வெளிய தெரிஞ்சா, எனக்குக் கண்ணு தெரியும்னு ஆயிடும். அங்க எம்பொண்ணு பொய் சொன்னவளாயிடுவா."

அந்தம்மா டீக்காச முந்தானைல முடிஞ்சிகினு பஸ்ஸுக்கு ஓடுச்சு. அந்தக்கா அத்தப் பாக்கல. கண்ணு தெரியாதவ எப்டி இருப்பாளோ அப்டி, எதிர்ல இருந்த செவுத்தப் பாத்துகினு குந்தியிருந்துச்சு.